நிறுத்தமில்லாமல் எவ்வளவு தூரம்? நெடுந்தூர விமானங்கள்: கேள்வி-பதில்

நெடுந்தூர விமானங்கள் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியா - லண்டன் தடத்தையே சுற்றி வந்தன. உலகின் இரு கோடிகளை இணைக்கும் தடம் அது. இடையில் இறங்காமல் பறப்பதற்கு மனிதர்கள் பட்ட பாடு முழுவதையும் அதில் பார்க்கலாம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் போக எத்தனை நாள் ஆகும்?
(வாசகர், சேலம்)

1919-இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளுடன் லண்டனிலிருந்து கிளம்பி 28 நாளில் டார்வினில் இறங்கினார்கள். ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்த 10,000 பவுண்டு பரிசும் அவர்களுக்குக் கிடைத்தது. டிக்கெட் வாங்கிய பயணிகளுக்கு 1935-இல்தான் வழி பிறந்தது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் சேர்ந்து நடத்திய லண்டன் - பிரிஸ்பேன் சேவைக்குப் பன்னிரண்டரை நாள் ஆனது. பகலில் பறப்பு, இரவில் ஹோட்டல். பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை ரயிலில்தான் போக வேண்டும்.

1947 டிசம்பரில் குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் இதை நான்கு நாளாகக் குறைத்தது. சிட்னியில் கிளம்பி டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி என்று இறங்கி இறங்கி லண்டன். பயணிகள் 29 பேர், ஊழியர்கள் 11 பேர்.

இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை ஏரியிலிருந்து போர்க் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் போனதாகத் தாத்தா சொல்வார். உண்மையா?
(வாசகி, கொழும்பு)

தாத்தா சொன்னது முழு உண்மை அம்மா. இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டிய வரலாறு இது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான விமானப் பாதை அறுந்துபோனது. மிச்சமிருந்தது இந்தியப் பெருங்கடல் மட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து கொக்கலை ஏரிக்குச் சுமார் 5,600 கிலோமீட்டர். 1943-இல் குவாண்டாஸ் ஐந்து கேட்டலினா கடல் விமானங்களை வைத்து இந்தத் தடத்தைத் தொடங்கியது.

அந்த விமானத்துக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். தேவையில்லாத சாமான்களை எல்லாம் கழற்றிவிட்டு எரிபொருள் டேங்குகளை ஏற்றியிருந்தார்கள். மீதி இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். தபாலும் எடை குறைவதற்காக மைக்ரோஃபில்மில் (மிகச் சிறிய படச்சுருளில்) எடுக்கப்பட்டது. ஜப்பானிய ரோந்து விமானங்களுக்குத் தெரியக்கூடாது என்பதால் ரேடியோவில் பேச்சு கிடையாது. இரவில் நட்சத்திரங்களை அளந்துதான் திசை பார்த்தார்கள். புறப்பட்ட முதல் பல மணி நேரத்துக்குள் ஒரு எஞ்சின் நின்றால், அந்தச் சுமையோடு மற்றொன்றால் விமானத்தைத் தாங்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் கிளம்பினார்கள்.

பயண நேரம் 27 மணியிலிருந்து 33 மணி வரை. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்துவிடலாம். பயணம் செய்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியக் குழு' என்ற பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 வரை 271 முறை கடலைக் கடந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இன்றைய எந்தச் சாதனைப் பறப்பையும்விட நான் உயர்வாக மதிப்பது இதைத்தான். சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைநில்லாமல் பறக்க குவாண்டாஸ் வகுத்த திட்டத்துக்கு 'புராஜெக்ட் சன்ரைஸ்' என்ற பெயர் வந்ததும் இந்தப் பறப்புகளின் நினைவாகவே.

1989-லேயே லண்டன் - சிட்னி நான்-ஸ்டாப் பறந்துவிட்டார்களாமே? அப்புறம் ஏன் இத்தனை வருடம் சேவை வரவில்லை?
(வாசகர், திருச்சி)

பறந்தது உண்மை. 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புத்தம்புதிய போயிங் 747-400 அந்தத் தூரத்தை 20 மணி 9 நிமிடத்தில் கடந்தது. ஆனால் அதில் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவரும் இல்லை. வழக்கத்தைவிட அடர்த்தியான எரிபொருளைத் தனியாக வரவழைத்து நிரப்பினார்கள். தரையில் ஓடும்போது எரிபொருள் வீணாகக்கூடாது என்று ஓடுபாதை முனை வரை வண்டி கட்டி இழுத்துப் போனார்கள். 400 பேர் ஏறும் விமானம் அது. அத்தனை பேரும் பெட்டிகளோடு ஏறியிருந்தால் சிட்னியை எட்டியிருக்காது.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு டன் எடையை ஒரு மணி நேரம் தூக்கிப் பறக்க, அந்த எடையில் 3 முதல் 4 விழுக்காடு அளவுக்கு எரிபொருள் செலவாகும் என்பது இத்துறையில் இருப்பவர்களின் மனக்கணக்கு. பதினெட்டாவது மணி நேரத்தில் எரியப்போகும் எரிபொருளை அதற்கு முந்தைய பதினேழு மணி நேரமும் சுமந்தாக வேண்டும். பாலைவனத்தில் தண்ணீர்க் குடம் சுமப்பவர், சுமந்த களைப்புக்கே குடத்தில் பாதியைக் குடித்துத் தீர்ப்பது போன்ற நிலைமை. பெரிய டேங்க் வைத்தால் இது தீராது. எஞ்சின் குறைவாகக் குடிக்க வேண்டும், உடல் எடை குறைய வேண்டும். கார்பன் இழை கலந்த உடலும் இரண்டே எஞ்சினும் கொண்ட போயிங் 787 வந்த பிறகுதான், 2018 மார்ச்சில் பெர்த் - லண்டன் இடைநில்லாச் சேவை தொடங்கியது. 14,498 கிலோமீட்டர், ஏறக்குறைய 17 மணி நேரம்.

சிங்கப்பூர் - நியூயார்க் விமானத்தில் எகானமி இருக்கையே இல்லையே, ஏன்?
(வாசகர், சிங்கப்பூர்)

மேலே சொன்ன எடைக் கணக்குதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தில் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. இருக்கைகள் 181. பிறகு அதையும் குறைத்து, முழுக்க பிசினஸ் கிளாஸாக 100 இருக்கை ஆக்கினார்கள். அப்படியும் எரிபொருள் செலவு தாங்காமல் 2013-இல் சேவை நின்றது. 2018-இல் இரண்டு எஞ்சின் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூரம் பறக்கும் வகை) அதை மீட்டது: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161. அந்த விமானம் கொள்ளும் எரிபொருள் 1,65,000 லிட்டர்; நிரப்பினால் புறப்படும் எடையில் கிட்டத்தட்ட பாதி அதுவே. எகானமி டிக்கெட் விலையில் ஆட்களை ஏற்றி இதைச் சமாளிக்க முடியாது.

கடல் மேல் இவ்வளவு தூரம் இரண்டே எஞ்சின் போதுமா? பயமாக இருக்கிறது.
(வாசகி, மதுரை)

பயப்பட வேண்டாம். முன்பு அமெரிக்க விதிப்படி, இரண்டு எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் 60 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையும்படிதான் பாதை போட வேண்டும். எஞ்சின்களின் நம்பகத்தன்மை ஏற ஏற அந்த வரம்பும் தளர்ந்தது: 1985-இல் 120 நிமிடம், 1988-இல் 180, இப்போது ஏ350-க்கு 370 நிமிடம் வரை. ஒவ்வொரு தளர்வுக்கும் பின்னால் பல ஆண்டுப் பறப்புப் பதிவுகள் இருக்கின்றன. விமானத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது, நிறுவனத்தின் பராமரிப்பையும் தனியாகச் சோதித்த பிறகே இந்த உரிமை தருகிறார்கள்.

விமானம் முன்னேறிய பிறகும் ஐரோப்பா - ஜப்பான் பயணம் நீண்டுவிட்டதே?
(வாசகர், ஹெல்சிங்கி)

உங்கள் ஊர் விமான நிறுவனமான ஃபின்ஏரே இதற்குச் சான்று. சோவியத் வானம் பெரும்பாலும் மூடியிருந்த காலத்தில் ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு டோக்கியோ போயின. 1983-இல் ஃபின்ஏர், டிசி-10 விமானத்தை வடதுருவத்தைச் சுற்றிவிட்டு இடைநில்லாமல் டோக்கியோ சேர்த்தது. சுமார் 13 மணி நேரம். பின்னர் சைபீரிய வானம் திறந்ததும் அது ஒன்பதரை மணி அளவுக்கு வந்தது. 2022-இல் ரஷ்ய வானம் மூடியதும் மறுபடி 13 மணி.

இதுபோல இன்னொன்று. 2024 ஏப்ரலில் மேற்காசியப் பதற்றத்தால் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தது. பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் போட்டது. லண்டனிலிருந்து பெர்த் வரும் விமானமோ நேராகவே வந்தது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் மேல்காற்று பின்னால் இருந்து தள்ளியதால் அதே சுற்றுப்பாதையையும் அதனால் தாங்க முடிந்தது. எந்த நாடு கதவைத் திறக்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதைப் பார்க்காமல் வரைபடத்தில் கோடு போட்டுப் பயனில்லை.

விமானிகள் தூங்குவார்களா?
(பள்ளி மாணவர், தஞ்சாவூர்)

கட்டாயம் தூங்குவார்கள் தம்பி. இவ்வளவு நீண்ட பயணத்தில் பொதுவாக நான்கு விமானிகள் இருப்பார்கள். முறை போட்டு, தனி அறையில் உள்ள படுக்கையில் தூங்கி எழுந்து வருவார்கள்.

அறுபது வயதுக்கு மேற்பட்ட பெற்றோரை அனுப்ப நேரடி விமானம் நல்லதா, இடையில் இறங்குவது நல்லதா?
(வாசகர், கோயம்புத்தூர்)

மொழி தெரியாத ஊரில் விமானம் மாறுவதுதான் அவர்களுக்குக் கவலை என்றால், காசு கூடினாலும் நேரடி விமானமே நல்லது. முழங்கால் வலி, நீரிழிவு, கால் வீக்கம் இருந்தால் இடையில் இறங்கி நாலைந்து மணி நேரம் நடந்து, சாப்பிட்டு, ஏறுவதைத்தான் நான் சொல்வேன். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். ரத்தக்கட்டு வரலாறு இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். எதில் அனுப்பினாலும் ஜன்னலோரம் வேண்டாம், நடைவழி ஓர இருக்கை வாங்குங்கள். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பக் கூச்சப்பட்டே பல பெரியவர்கள் தண்ணீர் குடிக்காமல், எழுந்து நடக்காமல் இருந்துவிடுகிறார்கள்.