காணிக்கைப் பை எங்கே போகிறது? – விசுவாசம், ஆராதனை, ஊழியம்: கேள்வி பதில்

ஓய்வுநாள் பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்தவன் என்பதால் இந்த வாரக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். சரி, தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. விசுவாசத்தால் இரட்சிப்பு என்றால், அப்புறம் நற்கிரியை எதற்கு?

பதில்: எபேசியர் 2:8, 9 நம் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த வசனத்தைத்தான் விட்டுவிடுகிறோம். ‘கிரியைகளினால் உண்டானதல்ல’ என்று எழுதிய கையோடு, நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார் பவுல். வீட்டுப் பிள்ளை குடத்தில் தண்ணீர் சுமந்து வருகிறது என்றால், இரவுச் சோற்றுக்குக் கூலியாகவா? பிள்ளை என்பதால் சுமக்கிறது. இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் இருந்தது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு, சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522-இல் எழுதினார். அந்த இடத்தில் நான் யாக்கோபு கட்சி.

கேள்வி: ஆராதனை ஞாயிறு காலையோடு முடிகிறது. உதவிக்கு ஒரு தனிக் கமிட்டி இருக்கிறது. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

பதில்: முடிச்சு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவப் போதகர், கி.பி. 155 வாக்கில் ரோமப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு ஆராதனையை வரிசையாகச் சொல்கிறார். வேதவாசிப்பு, போதனை, எழுந்து நின்று ஜெபம், அப்பமும் இரசமும், ஜனங்கள் சொல்லும் ஆமென். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்க, நடத்துகிறவர் அதை வாங்கி அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்போர், ஊருக்குப் புதியவர்கள் எல்லோரையும் கவனிக்கிறார். ஆராதனையைச் சொல்லும் அதே மூச்சில் ஜஸ்டின் இதையும் சொல்லிவிடுகிறார், கவனித்தீர்களா? நம் ஊரில் காணிக்கை எடுக்கும்போது பாட்டு வேகமெடுக்கும், கவனம் பர்சுக்குள் போய்விடும். அந்தப் பை யார் வீட்டு வாசலுக்குப் போகிறது என்று கேட்கிறவர் குறைவு.

கொரிந்து சபையில் இது தலைகீழானது. அப்பமும் இரசமும் பகிரும் இராப்போஜனத்தில் ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’. அது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று பவுல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கேள்வி: அரிசி மூட்டை கொடுக்கும்போது போட்டோ எடுத்துப் போடலாமா, பாஸ்டர்?

பதில்: நான் பாஸ்டர் இல்லை தம்பி. மத்தேயு 6:3 படியுங்கள், வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்கிறது. மூட்டையை மட்டும் படம் எடுங்கள்.

கேள்வி: மிஷன் ஆஸ்பத்திரிகள் எல்லாம் மதம் பரப்ப ஒரு சாக்குதானே?

பதில்: அந்த ஆஸ்பத்திரிகளில் பிரசங்கமும் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) உருவாகக் காரணமான சம்பவம் எங்கே நடந்தது? திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு, அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவர் அப்பாவை, ஆண் என்பதால் உள்ளே விட அவர்களுக்கு மனமில்லை. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்து 1900-இல் டாக்டராகத் திரும்பினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே தொடங்கினார். மருந்துக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்டால் அது வியாபாரம் என்பது என் கருத்து.

கேள்வி: நான் வீட்டோடு இருக்கிறவள், கையில் காசும் இல்லை. என்ன செய்ய முடியும் ஐயா?

பதில்: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள் அம்மா. மிசோரம் பிரஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதைத் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. நம் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தள்ளி வைத்தால் மறந்துபோகும்.