கூஃபாக்ஸா, ரயனா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுவதால் எனக்கும் பேஸ்பாலில் நாட்டம் வந்துவிட்டது. 1965இல் பந்து வீச்சாளர் சேண்டி கூஃபாக்ஸ் ஒரே பருவத்தில் எடுத்த 382 ஸ்டிரைக்அவுட் (மட்டை பிடிப்பவரைப் பந்தை அடிக்க விடாமல் வீச்சாளரே வெளியேற்றுவது) சாதனையை, 1973இல் நோலன் ரயன் ஒன்றே ஒன்று கூடுதலாக எடுத்து முறியடித்தார் என்று படித்தேன். அந்த ஒன்றுக்காக ரயனை மேலானவர் என்று சொல்லலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: ஸ்டிரைக்அவுட்டைப் பொறுத்தவரை தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஒன்றைவிட, இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் மாறிய விதிகளே அதற்கு வலுவான காரணம். கூஃபாக்ஸ் ஆடிய காலத்தில் பந்து வீச்சாளர்களும் மட்டை பிடித்தாக வேண்டும். கிரிக்கெட்டில் பதினோராவது ஆட்டக்காரரைப் போல அவர்களை வீழ்த்துவது எளிது. பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான, ரயன் ஆடிய அமெரிக்கன் லீக்கிலோ, பந்து வீச்சாளருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கலாம் என்ற விதி 1973இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அந்தச் சுலபமான ஸ்டிரைக்அவுட்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. போதாததற்கு, வீச்சாளர் நின்று எறியும் மேட்டின் உயரத்தையும் 1969இல் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்திருந்தார்கள்; மேடு தாழ்ந்தால் வீச்சாளருக்குச் சிரமம்.

அந்தந்தப் பருவத்தில் ரயன் வீசியது 326 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது); கூஃபாக்ஸ் ஏறத்தாழ 336. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் ரயனின் ஸ்டிரைக்அவுட் கணக்கு 367. செப்டம்பர் 27 அன்று மினசோட்டா அணிக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸிலேயே 382ஐ எட்டிவிட்டார். ஒன்பது இன்னிங்ஸுடன் ஆட்டம் முடிந்திருந்தால் இருவரும் சமமாகவே நின்றிருப்பார்கள். ஆட்டம் சமநிலையில் நீண்டதால், பதினோராவது இன்னிங்ஸில் மினசோட்டாவின் ரிச் ரீஸை வீழ்த்தி 383ஐத் தொட்டார்.

கட்டுப்பாடு என்று பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அந்தப் பருவத்தில் ரயன் குறி தவறிய பந்துகளால் 162 பேரை இலவசமாக முதல் தளத்துக்கு நடக்க விட்டார். கூஃபாக்ஸ் விட்டது 71 பேரை மட்டுமே. சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது 1965இல் கூஃபாக்ஸுக்கே கிடைத்தது. 1973இல் அமெரிக்கன் லீக்கில் அதைப் பெற்றவர் பால்டிமோர் அணியின் ஜிம் பால்மர். ரயனின் அணி ஆட்டங்களில் அவ்வளவாகச் சோபிக்காததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ரயனை நெருங்கியவர் 2001இல் 372 எடுத்த ராண்டி ஜான்சன். அவர் வீசியது 250 இன்னிங்ஸுக்கும் சற்றுக் குறைவு என்பதால், இன்னிங்ஸுக்கு எத்தனை ஸ்டிரைக்அவுட் என்ற விகிதத்தில் அவரே இருவரையும் மிஞ்சுகிறார். இப்போதெல்லாம் வீச்சாளர்களைச் சீக்கிரமே மாற்றிவிடுகிறார்கள். 2019இல் முதலிடம் பிடித்த கெரிட் கோல் 326 ஸ்டிரைக்அவுட் எடுத்தும், வீசியது 212 இன்னிங்ஸ்தான்.