உயிரியல் பூங்காவில் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், பிள்ளைகளை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது குறித்தும், அங்கே பார்க்கும் விலங்குகள் குறித்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு ஒன்பது வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் இருக்கிறார்கள். மூட்டுவலியால் அதிகம் நடக்க முடியாத என் மாமியாரும் உடன் வர ஆசைப்படுகிறார். வண்டலூர் பூங்கா முழுவதையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுக்குள் ஊர் திரும்ப முடியுமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: இரவுக்குள் தாராளமாகத் திரும்பலாம். பூங்கா முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். அதன் பரப்பு 602 ஹெக்டேர். ஏறத்தாழ 1,490 ஏக்கர். காப்புக்காட்டின் ஒரு பகுதியை ஒதுக்கி அமைத்த பூங்கா என்பதால், ஒரு விலங்கைப் பார்த்த பிறகு அடுத்ததைப் பார்க்கக் கணிசமான தூரம் நடக்க வேண்டியிருக்கும். நான்கு வயதுக் குழந்தையின் ஆர்வம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பசியாகவும் தூக்கமாகவும் மாறிவிடும். அதற்கு மேல் எத்தனை விலங்குகளைக் காட்டினாலும் அவன் மனத்தில் எதுவும் நிற்காது. ஆகவே, புறப்படுவதற்கு முந்தைய இரவே, ஆளுக்கு இரண்டு மூன்று விலங்குகளைத் தேர்ந்தெடுக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; பாட்டிக்கும் அந்த உரிமையைக் கொடுங்கள். தேர்ந்தெடுத்த விலங்குகளின் முன்னால் அவசரமின்றி நின்று பார்த்துவிட்டு வந்தாலே அந்த நாள் நிறைவான நாள்தான்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை. மற்ற நாட்களில், கதவு திறக்கும் காலை ஒன்பது மணிக்கே அங்கே இருக்கும்படி விடியற்காலையில் கிளம்புங்கள். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கி, அதே ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் செல்லும் நகரப் பேருந்தில் ஏறிச் சில நிமிடங்களில் பூங்காவை அடையலாம். ரயில்தான் வசதி என்றால், செங்கல்பட்டில் புறநகர் மின்ரயிலுக்கு மாறி வண்டலூர் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பூங்கா நடக்கும் தூரம்தான் என்றாலும், மாமியாருக்காக ஆட்டோ வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே சுற்றிக் காட்டும் பேட்டரி வாகனத்துக்கான சீட்டை நுழைந்தவுடனேயே வாங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு அதற்குக் கூட்டம் சேர்ந்துவிடும்.

2016 டிசம்பரில் அடித்த வர்தா புயலில் பூங்காவின் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இன்னமும் எல்லாப் பாதையிலும் நிழல் கிடைக்கும் என்று நம்பிவிடாமல் தொப்பியோ குடையோ எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டில்களில் கொண்டு செல்லுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: அண்மையில் ஒரு பெரிய உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு சென்றோம். புலி புதருக்குள் படுத்திருந்தது. சிங்கம் எங்கோ தொலைவில் தூங்கியது. சிலர் கூச்சலிட்டும் கல்லெறிந்தும் எழுப்பப் பார்த்தார்கள். என் சிறுவயதில், சென்ட்ரல் அருகே இருந்த பழைய மிருகக்காட்சிசாலையில் எல்லா விலங்குகளையும் கூண்டருகே நின்று பார்த்தோம். இப்போது ஏன் அப்படி வைப்பதில்லை?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் குடும்பத்தின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பழைய கூண்டுகள் திரும்பி வர வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னையின் மிருகக்காட்சிசாலை இந்தியாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபர், 1855ஆம் ஆண்டு அருங்காட்சியக வளாகத்திலேயே அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்திருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. உங்கள் தலைமுறை பார்த்தது அதைத்தான். நகரம் வளர வளர அந்த இடம் நெருக்கடியும் இரைச்சலும் மிகுந்ததாகிவிட்டதால், வண்டலூர்க் காட்டில் இடம் ஒதுக்கப்பட்டு, 1985 ஜூலையில் புதிய பூங்கா திறக்கப்பட்டது. பழைய கூண்டில் புலி எப்போதும் கண்ணில் பட்டதற்குக் காரணம், ஒளிந்துகொள்ள அதற்கு இடமே இல்லாததுதான். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே அது ஓயாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்ததை நாம் சுறுசுறுப்பு என்று எண்ணினோம். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அடைபட்டுக் கிடக்கும் விலங்கின் மனவேதனை அப்படித்தான் வெளிப்படும் என்று இன்றைய கால்நடை மருத்துவர்களும் விலங்கியலாளர்களும் கருதுகிறார்கள்.

புதிய முறையில் கம்பிகளுக்குப் பதிலாக அகழி இருக்கிறது. அகழிக்கு அப்பால் மண் தரை, புதர், நிழல், தண்ணீர் ஆகியவை விலங்குக்குக் கிடைக்கின்றன. விரும்பினால் நம் முன் வரலாம், விரும்பாவிட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையும் கிடைக்கிறது. ஆகவே புலி புதருக்குள் படுத்திருந்தது அங்கே அது நிம்மதியாக இருக்கிறது என்பதற்கான அடையாளம். சிங்கமோ நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் விலங்கு, காட்டிலும் அப்படித்தான். விழித்து நடமாடும் நிலையில் பார்க்க விரும்பினால் காலையில் முதல் வேலையாகப் பெரும்பூனைகளின் பக்கம் போங்கள். நடுப்பகலைப் பறவைகளுக்கும் பாம்புகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் தூங்கினால், ஒரு பத்து நிமிடம் பேசாமல் காத்திருங்கள். காது அசைவதையும், ஈயை விரட்ட வால் எழுந்து விழுவதையும் கவனிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, தூங்கும் புலியிடமும் பார்க்க ஏதாவது கண்டுபிடித்துவிடும்.

கல்லெறிந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது சட்டப்படி குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்கா விலங்குகளைச் சீண்டுவதையும், துன்புறுத்துவதையும், அவற்றுக்கு உணவு கொடுப்பதையும், கூச்சலிட்டுத் தொந்தரவு செய்வதையும் தடை செய்கிறது. மறுமுறை இப்படிப் பார்த்தால் தயங்காமல் அருகிலுள்ள காவலரிடம் சொல்லுங்கள். உணவு கொடுப்பதை அன்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பையோடு சேர்த்து மான் விழுங்கிய பிளாஸ்டிக், அசைபோடும் விலங்கின் வயிற்றிலிருந்து வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போய் உயிரையே வாங்கிவிடும். தூரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மிடையே பரவும் நோய்கள் சில விலங்குகளையும் தொற்றுகின்றன. 2021 ஜூனில் கொரோனா தொற்றுக்கு ஆளான வண்டலூர்ச் சிங்கங்களில் நீலா என்ற பெண் சிங்கமும் மற்றோர் ஆண் சிங்கமும் இறந்துபோயின.

கேள்வி: வெள்ளைப் புலி தனி இனமா? அழிந்துவரும் இனம் என்பதால்தான் பூங்காக்களில் வளர்க்கிறார்களா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: தனி இனம் இல்லை. நம் காடுகளில் உள்ள அதே வங்கப்புலிதான். ரோம நிறம் மட்டும் ஒரு மரபணு மாற்றத்தால் வெளுத்திருக்கிறது. கோடுகளும் கண்ணின் நீல நிறமும் எஞ்சியிருப்பதால், நிறமியே இல்லாமல் பிறக்கும் விலங்குகளின் வகையிலும் இதைச் சேர்க்க முடியாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்து சேர்ந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். ஆகவே காட்டில் இது மிக அரிதாகவே நிகழும்.

1951ஆம் ஆண்டு, இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் குட்டியே, இன்று பூங்காக்களில் காணும் பெரும்பாலான வெள்ளைப் புலிகளுக்கு மூதாதை. நிறம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மோகனை அதன் மகளோடே இணை சேர்த்தார்கள். அந்த வழியில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் தொடர்ந்ததால், மாறுகண் முதலான குறைபாடுகள் அவற்றிடம் காணப்படுகின்றன. வெள்ளைப் புலியை வளர்ப்பதால் காட்டிலுள்ள புலிகளின் எண்ணிக்கைக்கு எந்தப் பயனும் விளையாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் தவறில்லை. காட்டிவிட்டு, அடுத்திருக்கும் செம்மஞ்சள் புலியின் முன்னாலும் அதே அளவு நேரம் நில்லுங்கள். முண்டந்துறையிலும் ஆனைமலையிலும் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மேகமலையிலும் நாம் காப்பாற்ற வேண்டிய புலி அதுதான் என்று சொல்லுங்கள்.

கேள்வி: விலங்குகளை அடைத்து வைப்பதே தவறு என்று என் மாணவி ஒருத்தி வாதிடுகிறாள். வகுப்பை உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லலாமா என்று தயங்குகிறேன்.
– ஓர் ஆசிரியை, மதுரை

பதில்: அந்த மாணவியையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்; அவளுடைய கேள்வியோடு பார்ப்பவர்களுக்குத்தான் பூங்கா நன்றாகக் கண்ணில் படும். பூங்காவில் பிறக்கும் விலங்குகளில் பெரும்பாலானவை ஒருநாளும் காட்டுக்குப் போவதில்லை என்பதை அவளிடம் மறைக்க வேண்டாம். போனவையும் உண்டு. டார்ஜிலிங் பூங்காவில் வளர்ந்த சிவப்புப் பாண்டாக்கள் 2003இல் சிங்கலீலா காட்டில் விடப்பட்டன. 1970களில் கரியால் முதலைகள் அழிவின் விளிம்பில் இருந்தபோது, 1975இல் தொடங்கிய முதலைத் திட்டத்தில், ஆற்றங்கரையிலிருந்து முட்டைகளைச் சேகரித்து, குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து ஆற்றில் விட்டதால்தான் அவை சம்பல் நதியில் இன்றும் நீந்துகின்றன.

வகுப்புக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் நிழல், தண்ணீர், ஒதுங்க மறைவிடம், துணை ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பிள்ளைகளே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத சோலைமந்தியின் முன்னால் அவர்களை நிறுத்தி, அதன் காடு தேயிலைத் தோட்டங்களாலும் சாலைகளாலும் துண்டுபட்டதைச் சொல்லுங்கள். பிறகு, வண்டலூர் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே வரும் நீர்ப்பறவைகளை யாரும் அடைத்து வைக்கவில்லை. தண்ணீர் இருக்கும் காலத்தில் தாமே வந்து தங்குகின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிறகு, மாணவியின் வாதத்தை வகுப்பில் மீண்டும் விவாதத்துக்கு வையுங்கள். முடிவை அவர்களே எடுக்கட்டும்.

கேள்வி: முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. பொம்மையா என்று பார்க்கச் சிலர் நாணயம் எறிந்தார்கள். அது ஏன் அப்படிக் கிடந்தது?
– ஆறாம் வகுப்பு மாணவன், திருச்சி

பதில்: தம்பி, அது உயிருள்ள முதலைதான். முதலைக்கு நம்மைப் போல வியர்க்காது. வெயிலில் உடல் சூடேறும்போது அது வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். வாயின் உள்ளே உள்ள ஈரம் ஆவியாவதால் சூடு தணியும். அசையாமல் கிடப்பது அதன் சக்தியைச் சேமிக்கிறது. அதனால்தான் அது பல நாட்கள் சாப்பிடாமலும் இருக்க முடிகிறது. எறிந்த நாணயத்தை விழுங்கிவிட்டால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். எறிபவர்களைப் பார்த்தால் பெரியவர்களை அழைத்துத் தடுத்து நிறுத்து. அடுத்த முறை போகும்போது, நம் ஊர் ஆறுகளில் வாழும் நன்னீர் முதலையின் அகன்ற முகத்தையும் கரியாலின் ஒடுங்கி நீண்ட முகத்தையும் ஒப்பிட்டுப் பார். கரியாலின் முக்கிய உணவு மீன். தண்ணீருக்குள் தலையைச் சட்டென்று பக்கவாட்டில் வீசி மீனைப் பிடிக்க, அந்த ஒல்லியான முகம்தான் அதற்கு உதவுகிறது.