டிரம் கிட் வாங்கும் முன்

கேள்வி: 10 வயது மகள் டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. எலெக்ட்ரானிக் கிட் 38,000 ரூபாய், ஹெட்போன் மாட்டினால் சத்தமே வெளியே போகாது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அவர் சொன்னது பாதி நிஜம். மெஷ் பேட் (வலைத்துணி போர்த்திய அடிதட்டு) குச்சிச் சத்தத்தைப் பெருமளவு விழுங்கிவிடும். கிக் பெடலை (பெரிய டிரம்முக்கான கால் மிதியை) மிதிக்கும் அதிர்வை விழுங்காது. அது தரை வழியே இறங்கி, கீழ்வீட்டில் ‘தொம் தொம்’ என்று கேட்கும். கம்பளம் விரித்தால் பெரிதாகக் குறையாது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைக் குழியில் பதித்து, அதன்மேல் கிட்டை வைத்தால் நன்றாகக் குறையும்.

ஆனால் இப்போதே கிட் எதற்கு? 12 அங்குலப் பயிற்சி பேட், அதற்கொரு ஸ்டாண்டு, சின்னக் கைக்கு ஏற்ற 7ஏ என்னும் மெல்லிய ரகக் குச்சி ஒரு ஜோடி போதும். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து சிங்கிள் (கைக்கு ஓர் அடி), டபுள் (கைக்கு இரண்டடி), பிறகு இரண்டையும் கலந்த பாரடிடில்: வலது-இடது-வலது-வலது, இடது-வலது-இடது-இடது. மூன்று மாதம் இது ஓடட்டும்.

பிறகு கடைக்குப் போனால், விற்பனையாளர் ஏற்றி வைத்திருக்கும் வால்யூமைக் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்னேரில் (கால்களுக்கு நடுவே இருக்கும் டிரம்மில்) ஒன்று முதல் நான்கு வரை எண்ணி 2, 4-ஆம் தட்டுகளை ஓங்கி அடித்து, இடையில் குச்சியை ஓர் அங்குலம் மட்டும் தூக்கி மெல்லத் தட்டிப் பாருங்கள். மெல்லிய அடி காணாமல் போனாலோ, எல்லா அடியும் ஒரே சத்தத்தில் வந்தாலோ, அந்தக் கிட்டில் குரூவ் (தாளத்தின் ஓட்டம்) படியாது. ஹை-ஹேட் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு) பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும்போது ஒலியும் அப்படியே மாற வேண்டும். கிக்கில் நிஜ பீட்டர் (மிதித்தால் அடிக்கும் சுத்தி) வந்து மோத வேண்டும். வெறும் மிதிகட்டை என்றால் காலுக்குப் பழக்கம் வராது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் அகூஸ்டிக் கிட் 18,000 ரூபாய்க்கு வருகிறது. டிரம்கள் புதுசு போலப் பளபளக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பளபளப்பைக் கடைசியில் பாருங்கள், முதலில் சிம்பல் (குச்சியால் அடிக்கும் உலோகத் தட்டு). பித்தளைச் சிம்பலை என்ன செய்தாலும் தட்டுச் சத்தம்தான் வரும். நல்லவை வெண்கலம், அதில் பி20 என்னும் ரகம் என்றால் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு விளிம்பைச் சுண்டுங்கள். ஒலி நீண்டு அடங்கினால் சரி, ‘ஜ்ர்ர்’ என்று பிசிறினால் விரிசல். விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டினால் மயிரிழை விரிசலும் மாட்டும். ஓட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், ஸ்டாண்டின் பிளாஸ்டிக் குழாய் இல்லாமலே வாசித்திருக்கிறார்கள்.

அடுத்து, ஒரு டாமின் (கிட்டில் உள்ள ஒரு டிரம்மின்) ஹெட்டை, அதாவது அடிக்கும் தோலைக் கழற்றி, ஷெல்லை (டிரம்மின் வெறும் கூட்டை) சமையல் மேடைக் கிரானைட்டில் கவிழ்த்து, உள்ளே டார்ச் வைத்து விளக்கை அணையுங்கள். விளிம்புக்கடியில் வெளிச்சம் கசிந்தால் அந்த டிரம் சுருதியில் நிற்காது. கழற்றும்போதே போல்ட்டுகளின் மரை தேய்ந்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். ஹெட் குழி விழுந்திருந்தால் கவலை வேண்டாம், விலை பேச அது நல்ல சாக்கு. 1950-களின் கடைசியில் பிளாஸ்டிக் ஹெட் வந்தபின், அதற்கு முன் இருந்த கன்றுத்தோல் ஹெட் மழைக்காலத்தில் தளரும் தொல்லையும் போயிற்று. டிரம் கீ (போல்ட் திருகும் சின்னச் சாவி) இருந்தால் ஹெட்டை நீங்களே மாற்றலாம்.

கேள்வி: இடது கையைத் திருப்பிப் பிடிக்கும் பழைய பிடியில் வாசிக்க வேறு குச்சி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தோளில் தொங்கிச் சாய்ந்த டிரம்மை அணிவகுப்பில் வாசித்தவர்களின் பிடி அது. எந்தப் பிடிக்கும் குச்சி ஒன்றுதான். வாங்கும்போது கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். தள்ளாடினால் அடுத்த ஜோடியைக் கேளுங்கள்.