காயாம்பூ வீட்டில் பூக்குமா?

கேள்வி: ‘காயாம்பூ வண்ணன்’ என்கிறோமே, அந்தச் செடி எது? சங்குப்பூதான் என்கிறார் நர்சரிக்காரர்.

பதில்: இல்லை. சங்குப்பூ கொடி. காயா குத்துச்செடி, விட்டால் சிறுமரமாகும். ஊர்ப்பக்கம் காசா, காசான் என்பார்கள். தாவரவியலில் மெமிசைலான் அம்பெல்லாட்டம். புதுக்கோட்டை, விழுப்புரம் பக்கத்துக் கோயில் காடுகளில் இன்றும் நிற்கிறது. பூக்காத நாளில் தடித்த கரும்பச்சை இலையோடு சாதாரணமாகத்தான் இருக்கும். பூத்துவிட்டால், இலையில்லாத பழைய கிளையெல்லாம் நீலம் அப்பிக்கொள்ளும். ஒரு கொத்தைக் கிட்டத்தில் பாருங்கள்: விரல் நகத்தைவிடச் சின்னப் பூ, நான்கு நீல இதழ், எட்டு மகரந்தத்தாள். சங்கப் புலவர்கள் ஏன் மயில் கழுத்தோடு ஒப்பிட்டார்கள் என்பது அப்போது புரியும்.

கேள்வி: மூன்று முறை விதை போட்டேன், முளைக்கவே இல்லை.

பதில்: காய்ந்த விதையைப் போட்டிருப்பீர்கள். பழம் கறுத்ததும் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, அன்றே போட வேண்டும். ஒரு பழத்தில் ஒரு விதைதான். செம்மண்ணும் மணலும் கலந்த பையில், அரை நிழலில், ஈரம் காயாமல் வையுங்கள். மெதுவாகத்தான் முளைக்கும், பையைக் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கன்று வைத்து நான்கு வருடம். இன்னும் பூக்கவில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தில் குறை இருக்காது. இது மிக மெதுவாக வளரும் செடி, கட்டை இரும்பு மாதிரி. நான்கு வருடம் இதற்குக் குழந்தைப் பருவம். நல்ல வெயில் படுகிறதா, தண்ணீர் தேங்காமல் வடிகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், அழகுக்காகக் கிளையை வெட்டுகிறீர்களா? பூ வருவது முதிர்ந்த கிளையில். அதை வெட்டினால் பூவையே வெட்டுகிறோம். வெட்டியே ஆக வேண்டுமென்றால், பூத்து ஓய்ந்த பிறகு.

கேள்வி: மாடியில் தொட்டியில் வளருமா?

பதில்: வளரும். பெரிய தொட்டியாக வையுங்கள். ஆனால் தரையில் வைத்தால்தான் முழு அழகும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் காட்டில் கன்றுகள் நிறைய இருக்கின்றன. ஒன்றைப் பிடுங்கி வரலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பிடுங்கும்போது ஆணிவேர் அறுந்தால் கன்று பிழைப்பது அரிது, காட்டுக்கும் ஒன்று குறையும். ஊராரிடம் கேட்டு, கீழே விழுந்த பழத்தில் நான்கைந்து எடுத்து வாருங்கள். மிச்சம் பறவைகளுக்கு. கன்றாகவே வேண்டுமென்றால், ஆரோவில் பக்கத்து நாட்டு மர நாற்றங்கால்களில் விசாரியுங்கள்.