கேமரா வாங்கி எட்டு மாதத்தில் ஆர்வம் போய்விட்டது. பயிற்சியை விளையாட்டாக மாற்றிக்கொண்டால் பலன் இருக்குமா?

முதல் இரண்டு மாதம் தினமும் படம் எடுத்தேன், இப்போது பையிலிருந்து கேமராவை வெளியே எடுக்கவே தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுப் போலச் சவால் வைத்துக்கொள்வது சின்னப் பிள்ளைத்தனமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை.

நீங்கள் அநேகமாக வேலைக்குப் போகிறவர், ஞாயிறு ஒரு நாள்தான் உங்களுடையது. கூடவே வந்த லென்ஸ்தான் இன்னும் கையில் இருக்கும். யூடியூபில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பூ, நாய்க்குட்டி, கோபுரம், அஸ்தமனம் எல்லாம் எடுத்தும் ஆகிவிட்டது. அடுத்து என்ன என்று தெரியவில்லை. என் ஊகம் தவறாக இருந்தால் மன்னியுங்கள். 2019இல் நான் அங்கேதான் நின்றேன், அதனால் சொல்கிறேன்.

எனக்கு ஊர் மதுரை. வேலை கணக்கு எழுதுவது. அப்பா முப்பது வருஷம் சின்ன ஸ்டுடியோ ஒன்று வைத்திருந்தவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டியது எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வருஷம் முழுப் பரீட்சை லீவுக்கு அக்கா மகள் வந்திருந்தாள், பன்னிரண்டு வயது. "மாமா, கேமரா எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளே தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் ஆளுக்குப் பத்து வார்த்தை எழுதச் சொல்லி, மடித்து ஒரு சம்படத்தில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். இருவருக்கும் அதே வார்த்தை. சாயங்காலம் 6 மணிக்குள் ஆளுக்கு ஒரே ஒரு படம். அவளுக்கு மொபைல், எனக்குக் கேமரா. தீர்ப்பு சொல்வது அப்பா. எது யாருடைய படம் என்று அவரிடம் சொல்லக் கூடாது. தோற்றவர் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

முதல் சீட்டில் வந்த வார்த்தை "சத்தம்".

நான் காலையிலேயே கிளம்பிவிட்டேன். கோவில் மணி எடுத்தேன். விசில் ஊதும் போக்குவரத்துக் காவலரை எடுத்தேன். கடைசியில் ஒரு பாத்திரப் பட்டறையில், சுத்தியலை ஓங்கிய கையோடு ஒரு பெரியவர், பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம், 1/500 விநாடியில் உறைந்து நிற்கிற படம் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பாப்பா வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. குக்கர் விசில் அடிக்கும்போது அம்மாச்சி காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்ததை அடுப்படியில் எடுத்திருந்தாள். படம் கொஞ்சம் ஆடியிருந்தது. ஒரு கையில் வெங்காயம் நறுக்கின கத்தி அப்படியே இருந்தது.

அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்படிப் படத்தைக் காட்டி, "இதுல சத்தம் கேக்குது. அதுல சுத்தியல் இருக்கு" என்றார்.

அதற்கு முன் மூன்று வருஷம் நான் படித்த எந்தக் கட்டுரையும் அந்த இரண்டு வாக்கியம் கற்றுத் தந்ததைக் கற்றுத் தரவில்லை. சத்தம் போடுகிற பொருளைத் தேடி நான் ஊரெல்லாம் சுற்றினேன். அவள் சத்தத்தைக் கேட்கிற ஆளைப் பார்த்தாள். அதன்பிறகு பொருள்களின் பெயர்களைச் சம்படத்திலிருந்து எடுத்துவிட்டோம். கண்ணால் பார்க்க முடியாத வார்த்தைகள் மட்டும்: தாமதம், பாதி, கோபம் ஆறின பிறகு, கடன். "கடன்" வந்த வாரம் நான் ஜெயித்தேன். பால்காரம்மா கணக்குக்காகச் சுவர்க் காலண்டரில் போட்டிருந்த பேனாக் கோடுகளும், பக்கத்தில் ஆணியில் தொங்கிய காலித் தூக்குவாளியும் அந்தப் படத்தில் இருந்தன. ஆறு வருஷமாக அந்தக் காலண்டர் அதே சுவரில்தான் இருந்தது.

"அடிப்படை தெரியாமல் விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது, முதலில் எக்ஸ்போஷர் கற்றுக்கொள்ளட்டும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சரி, எக்ஸ்போஷருக்கும், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதற்கும், எங்களிடம் விளையாட்டு இருந்தது. அப்பா காலத்தில் பிலிம் டப்பாவுக்குள்ளேயே வெயில், மேகம், நிழல் என்று படம் போட்டு அப்பர்ச்சர் அளவு, அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு, அச்சடித்திருப்பார்கள். அதன் அடிப்படை எளிது. நல்ல வெயிலில் துவாரத்தை எஃப் 16 (எண் கூடக் கூடத் துவாரம் சிறிது) வைத்து, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) எவ்வளவோ அதற்குப் பக்கத்து ஷட்டர் வேகம் வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125. மேகம் மூடினால் எஃப் 8, திறந்தவெளி நிழல் என்றால் எஃப் 4. நாங்கள் மூவரும் மொட்டை மாடியில் நின்று வெளிச்சத்தைப் பார்த்து ஆளுக்கொரு அளவு சொல்வோம், பிறகு கேமராவின் ஒளி மீட்டரைப் பார்ப்போம். ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) மேல் தப்பினால் ஒரு புள்ளி போச்சு. அப்பா தோற்று நான் பார்த்ததில்லை. இரண்டு மாதத்தில் பாப்பாவும் தெருவில் நடக்கும்போதே "மாமா, இங்க அஞ்சு புள்ளி ஆறு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொன்று, 36 விளையாட்டு. ஒரு பிலிம் ரோலில் பெரும்பாலும் 36 படம்தான். அதே கணக்கில் ஒரு நாளைக்கு 36 முறைதான் ஷட்டரை அழுத்தலாம். பின்திரையைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். அழிக்கவும் கூடாது, 36ஐயும் மற்றவருக்குக் காட்ட வேண்டும். இதைத்தான் உங்களுக்கு முதலில் பரிந்துரைப்பேன், செலவே இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஒரு காலை நேரம் ஒரே இடத்தில் நின்று இதைச் செய்தேன். இருபதாவது படம் வரை பதற்றம். அதன்பிறகு கை நிதானப்பட்டது. எது வரப்போகிறது என்று காத்திருக்கத் தொடங்கினேன். ஓடுகிற பொருளோடு கேமராவையும் திருப்பி எடுக்கிற பேனிங்கையும் இப்படித்தான் பழகினேன். 1/30 விநாடி வைத்து, போகிற சைக்கிளோடு இடுப்பைத் திருப்பி, 36இல் எத்தனையில் ஓட்டுபவர் முகம் தெளிவாக வருகிறது என்று எண்ணுவோம். முதல் நாள் எனக்கு இரண்டு.

எனக்கு இன்றுவரை அலுக்காத விளையாட்டு வேறு. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858இல் மதுரையைப் படம் எடுத்திருக்கிறார். மெழுகு தடவிய காகித நெகட்டிவ், பெரிய கேமரா, நீண்ட எக்ஸ்போஷர். புது மண்டபம், நாயக்கர் மகால், வைகையின் குறுக்கே தரைப்பாலம். அந்தப் படங்களை அருங்காட்சியகங்களின் இணையத்தளங்களில் இன்று யாரும் பார்க்கலாம். அவற்றில் ஒன்றை மொபைலில் வைத்துக்கொண்டு, அவர் கேமரா நின்ற அதே இடத்தைக் கண்டுபிடித்து நிற்பதுதான் சவால். சுலபம் என்று நினைத்துத்தான் போனோம். மகாலில் ஒரு தூண் இன்னொரு தூணை எந்த அளவு மறைக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே அரை அடி இடது, ஒரு அடி பின்னால் என்று நகர வேண்டியிருந்தது. ஜூம் பண்ணினால் படம் பெரிதாகிறது, ஆனால் தூண்களின் உறவு மாறவில்லை. கால் நகர்ந்தால்தான் மாறுகிறது. பெர்ஸ்பெக்டிவ், அதாவது நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள்கள் ஒன்றுக்கொன்று தெரியும் விதம், என்பதை எனக்கு என் கால்தான் சொல்லிக்கொடுத்தது. பிற்பாடு சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு மகாலைச் சீரமைப்பதற்கு முந்தைய நிலை அது என்பதால், படத்தில் இடிபாடாகத் தெரிந்த இடத்துக்கு நேராக நாங்கள் நின்றபோது பாப்பா பேசவே இல்லை. அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோவிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டை ஓரமாக நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒரே சுவரில் இவ்வளவு பொறுமை காட்டிய மனிதரை வைத்துப் பார்த்தால், ஒரே இடம், ஒரே லென்ஸ் என்று நாம் போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு சின்னப் பிள்ளைத்தனம் ஆகாது.

சவால் என்றதும் போட்டிகளைத்தான் பலர் நினைக்கிறார்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆர்வம் செத்துப்போன காலத்தில் நானும் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். பூ மார்க்கெட்டில் விடியற்காலை மல்லிகைக் கூடையைத் தலையில் வைத்துத் திரும்பிப் பார்க்கிற ஒரு பாட்டியின் படம். நுழைவுக் கட்டணமும் கட்டினேன். பரிசு வரவில்லை, அது பரவாயில்லை. அடுத்த ஜனவரியில் ஒரு கடையில் அந்தப் படத்தைக் காலண்டரில் பார்த்தேன். என் பெயரும் இல்லை, அந்தப் பாட்டிக்கு ஒரு பைசாவும் போகவில்லை. கேட்டால், அனுப்பிய எல்லாப் படங்களின் உரிமையும் எங்களுக்கே என்று விதிமுறையின் பதினான்காவது வரியில் இருக்கிறது என்றார்கள். இருந்தது உண்மைதான். ஆனால் படம் எடுக்க அனுமதித்தபோது அந்தப் பாட்டி என்னைத்தான் நம்பினாள். விதிமுறையைப் படித்துவிட்டு அல்ல. அந்தக் காலண்டரை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். சிரித்தாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் உரிமை பற்றிய வரியை முதலில் தேடிப் படியுங்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான், ஆனாலும் படியுங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கல்யாண ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு இதற்கு நேரமிருக்காது என்று தெரியும். தனியாகச் செய்து பார்த்ததில் எனக்கு நான்கு வாரத்துக்கு மேல் ஓடவும் இல்லை. அவள் ஊருக்குப் போன ஜூனில் சம்படம் தூசி படிந்துவிட்டது. பிறகு அவளே போன் பண்ணி, "மாமா, சீட்டு எடுத்தீங்களா?" என்று கேட்ட பிறகுதான் மறுபடி தொடங்கினோம். அதனால் ஒரு ஆளைப் பிடியுங்கள். படம் எடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தைப் பார்த்து முகத்துக்கு நேரே பொய் சொல்லாதவராக இருந்தால் போதும்.

அவள் இப்போது கோவையில் கல்லூரியில் இருக்கிறாள். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, மொபைலில் பெரிதாக்கிப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார். இந்த வாரச் சீட்டு "ஈரம்". இங்கே மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் காலையிலேயே எடுத்துவிட்டாளாம். நான் இனிமேல்தான் கிளம்ப வேண்டும்.