பாரிஸில் சின்ன ஓட்டல்: எத்தனை சதுர மீட்டர் என்று கேளுங்கள்

கேள்வி: மே மாதம் கணவரும் நானும் 6 நாள் பாரிஸ் போகிறோம். இருவருக்கும் 60 வயதுக்கு மேல். இரண்டு நட்சத்திர ஓட்டலும் மூன்று நட்சத்திர ஓட்டலும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. எதை வைத்து முடிவு செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: படத்தை விடுங்கள், சதுர மீட்டரைப் பாருங்கள். பிரான்சில் நட்சத்திரம் என்பது அரசு சார்ந்த ஓர் அமைப்பு பட்டியல் போட்டுச் சரிபார்த்துக் கொடுக்கும் தரம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அறையின் குறைந்தபட்ச அளவு, வரவேற்பு மேஜை எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லும். அறையில் வெளிச்சம் வருமா, ராத்திரி தூக்கம் வருமா என்று சொல்லாது.

இரண்டு நட்சத்திரத்தில் இருவர் தங்கும் அறை, குளியலறை நீங்கலாக 9 சதுர மீட்டர் இருந்தால் போதும். நம் கணக்கில் பத்தடிக்குப் பத்தடி. அதில் 140 செ.மீ. அகலக் கட்டில், ஒரு சின்ன மேஜை, அலமாரி. மிச்சமிருக்கும் சந்தில் ஒரு பெட்டியைத்தான் விரிக்க முடியும். இன்னொன்றைத் திறக்க வேண்டுமென்றால் முதலாவதை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். மூன்று நட்சத்திரத்துக்குக் குளியலறையும் சேர்த்து 13.5 சதுர மீட்டர். அதனால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவு. நல்ல இரண்டு நட்சத்திரத்தில் 14 சதுர மீட்டர் அறையும் கிடைக்கும். 140 செ.மீ. கட்டில் என்பது இருவருக்கு நாலரை அடிதான். 160 இருக்கிறதா என்று கேளுங்கள், அல்லது தனித்தனியாக இரண்டு 90 செ.மீ. கட்டில் கேளுங்கள்.

அடுத்தது லிஃப்ட். பல சின்ன ஓட்டல்கள் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் இருக்கின்றன. படிக்கட்டு சுற்றிவரும் நடுக்கிணற்றில் பின்னாளில் செருகிய லிஃப்ட் அது. ஆள் ஒருவர், பெட்டி ஒன்று என்றால் நிறைந்துவிடும். சில இடங்களில் அரை மாடி ஏறிய பிறகுதான் லிஃப்டே தொடங்கும். 'லிஃப்ட் உண்டு' என்ற வரி பொய்யில்லை, அந்த எட்டுப் படியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாடிக் கணக்கில் குழப்பமில்லை, நம்மூர் மாதிரியே தரைத்தளத்துக்கு மேல்தான் முதல் மாடி.

பணம் கட்டும் முன் ஓட்டலுக்கே எளிய ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அறை எத்தனை சதுர மீட்டர், கட்டில் எத்தனை செ.மீ., தெருவிலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படி, ஜன்னல் தெருப்பக்கமா உள்முற்றப் பக்கமா. தெருவை 'ரூ' என்பார்கள், முற்றத்தைக் 'கூர்' என்பார்கள். வயதானவர்களுக்கு நான் கூர் பக்கம்தான் சொல்வேன்: வெளிச்சம் குறைவு, தூக்கம் உறுதி. பதிலே வராத ஓட்டலை அங்கேயே விட்டுவிடலாம்.

கேள்வி: நாங்கள் சைவம். லா ஷப்பேல் பக்கம் தங்கினால் நம் சாப்பாடு கிடைக்கும் என்கிறார்கள். சரியா?
- வாசகர், கோவை

பதில்: சாப்பாட்டுக்குச் சரி. கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லா ஷப்பேல் மெட்ரோவுக்கும் இடையில் ஃபோபூர் சேன் தெனி தெருவில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உண்டு. தமிழ்ப் பலகை, தோசை, கொத்து ரொட்டி, காய்கறி எல்லாம் இருக்கும். பிள்ளையார் கோயிலும் நடை தூரத்தில் பஜோல் தெருவில் இருக்கிறது. ஆனால் பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றி இரைச்சல் உண்டு, ஜேப்படிக்காரர்களும் உண்டு. அங்கே சாப்பிடுங்கள், தூங்குவதற்கு வேறு இடம் பாருங்கள்.

பாரிஸ் நகரை எண் போட்டு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது 14ஆம் வட்டாரத்தில் தான்ஃபேர் ரோஷ்ரோ. சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் நேராக வந்து நிற்கும், மாறவே வேண்டாம். அதே ரயிலில் வடக்கே ஐந்து நிறுத்தம் போனால் கார் து நோர், தோசைக் கடை. சுற்றிலும் குடியிருப்புகள், பேக்கரி, காய்கறிக் கடை. ராத்திரி பத்துக்கு அடங்கிவிடும் தெருக்கள். 11ஆம் வட்டாரத்தில் ஓபெர்காம்ஃப், லாப் தெருக்களில் விலை குறைவாகத் தெரிந்தால், கீழே மதுக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியில் அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டார எண்: 75005 என்றால் 5ஆம் வட்டாரம். 750இல் தொடங்காமல் 92, 93, 94 என்று தொடங்கினால் அது பாரிஸ் இல்லை, புறநகர். முழங்கால் வலி இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய மெட்ரோ நிலையங்களில் பெரும்பாலும் படிதான். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உள்ளது 14ஆம் எண் தடத்தில் மட்டுமே; அது 2024 முதல் ஓர்லி விமான நிலையம் வரை போகிறது. பெட்டி நிறைய இருந்தால் சார்ல் து கோலிலிருந்து டாக்சிக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு. சேன் நதியின் வலக்கரைக்கு (வடக்குப் பக்கம்) 56 யூரோ, இடக்கரைக்கு (தெற்குப் பக்கம்) 65 என்பது 2025 நிலவரம். நான்கு பேர் போனால் ரயிலைவிடப் பெரிய நஷ்டமில்லை.

போகிற போக்கில்: வரைபடத்தில் 'ஓத்தெல் த வில்' என்று பார்த்து அறை தேடாதீர்கள். அது மாநகராட்சிக் கட்டடம். 'ஓத்தெல் தியு' ஆஸ்பத்திரி.

கேள்வி: விசாவுக்கு முன்பே ஓட்டல் முன்பதிவு காட்ட வேண்டுமாமே. விசா வராவிட்டால் பணம் போய்விடாதா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இலவசமாக ரத்து செய்யும் வசதி உள்ள கட்டணத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். விசா முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். ரத்துக்கான கடைசி நாள் அதைத் தாண்டி இருக்க வேண்டும். அந்த நாளும் மணியும் பாரிஸ் நேரம். கோடையில் நமக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை.

அடிக்கடி நடக்கும் பிழை, பதிவுச் சீட்டில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பது. மனைவி, பிள்ளைகள் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வர வேண்டும். தேதிகள் விமானச் சீட்டோடும் காப்பீட்டோடும் பொருந்த வேண்டும். விசா கிடைத்த பின் ஓட்டலை மாற்றினால் புதிய சீட்டின் அச்சுப்படி கையில் இருக்கட்டும், எல்லைக் காவலர் கேட்கலாம். உறவினர் வீட்டில் தங்குவதானால் கதை வேறு: அவர் தன் ஊர் நகராட்சியில் விண்ணப்பித்து 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்று வாங்கி, மூலத்தை உங்களுக்கு அனுப்ப வேண்டும். முத்திரைக்கு 30 யூரோ.

கேள்வி: பதிவில் காட்டிய தொகைக்கு மேல் ஓட்டலில் கேட்டால்?
- வாசகி, சேலம்

பதில்: பெரும்பாலும் அது தங்கல் வரி. தலைக்கு, இரவுக்கு என்று கணக்கு. பாரிஸில் மூன்று நட்சத்திரத்தில் 5 யூரோவுக்கு மேல். இருவர் ஆறு இரவு என்றால் 60 தாண்டும். 18 வயதுக்குக் கீழ் கிடையாது. காலைச் சிற்றுண்டி விலையில் சேர்த்தியா என்றும் பாருங்கள். சேராவிட்டால் பக்கத்து பேக்கரியில் குரோசானும் காபியும் பாதி விலைக்கு முடியும். கார்டு இயந்திரம் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயில் அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகம். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவைக்காவிட்டால் கார்டு அங்கே வேலை செய்யாது.

கேள்வி: குளியலறையில் வாளி, மக் இருக்குமா? அறையில் சாதம் வைக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: வாளி இருக்காது, மக்கும் இருக்காது, கழிப்பறையில் காகிதம்தான். ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் இடம் அடைக்காது. ஆனால் கவனம்: அங்கே குளியலறைத் தரையில் பொதுவாக வடிகால் இல்லை. ஷவர் தொட்டிக்குள் விழும் தண்ணீர்தான் வடியும், வெளியே ஊற்றினால் கீழ் அறைக் கூரையில் கசியும், பில் உங்களுக்கு வரும். திரையைத் தொட்டிக்கு உள்பக்கம் விட்டுக்கொள்ளுங்கள்.

சாதம் வேண்டாம். புகை உணர்கருவி கத்தும், மின்சாரமும் தாங்காது. சமைத்தே ஆகவேண்டுமென்றால் சின்ன அடுப்போடு வரும் குடியிருப்பு ஓட்டல் எடுங்கள். மின்சாரம் நம்முடையது போல 230 வோல்ட்தான். மெல்லிய இரண்டு முள் சார்ஜர் நேராகப் பொருந்தும், மூன்று முள் பொருந்தாது.

கேள்வி: விருந்தினர் இல்லமோ வாடகை வீடோ எடுத்தால்?
- வாசகர், மதுரை

பதில்: 'ஷாம்ப்ர தோத்' என்பது வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே அறை தருவது. அதிகபட்சம் 5 அறை, 15 பேர். காலைச் சிற்றுண்டியும் படுக்கை விரிப்பும் விலையில் சேர்ந்தவை. நிதானமாக ஊர் பார்ப்பவர்களுக்கு நல்லது. முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதானால் விளம்பரத்தில் 13 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பாரிஸில் வருடத்துக்கு 90 நாள்தான் இப்படி விடலாம், 2025க்கு முன் 120 நாள். எண் இல்லாத வீட்டின் முன்பதிவு கடைசி நேரத்தில் ரத்தானால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள். அதோடு, காலை 7 மணிக்கு இறங்கி மாலை 3 வரை பெட்டியைக் கொடுத்துவைக்க அங்கே ஆள் இருக்காது. ஓட்டலில் இருக்கும்.

கேள்வி: ஜூலையில் ஏ.சி. வேண்டுமா?
- வாசகர், வேலூர்

பதில்: வேண்டும். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. பழைய கட்டடங்களில் மின்விசிறிகூட இருக்காது, மேல்மாடி அறை அடுப்பாகிவிடும்.

கேள்வி: மூட்டைப்பூச்சி என்று செய்தி படித்தேன். பயமாக இருக்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: 2023இல் பெரிய செய்தியானது. அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டிலிலும் தரை விரிப்பிலும் வைக்காதீர்கள், குளியலறை ஓடு மேல் வையுங்கள். கைபேசி வெளிச்சத்தில் தலைமாட்டுப் பக்கம் மெத்தை விளிம்புத் தையலை விரலால் பிரித்துப் பாருங்கள். பூச்சி 5 மி.மீ. அளவில் தட்டையாக, ஆப்பிள் விதை போல இருக்கும். அது கண்ணில் படாவிட்டாலும் பேனா முனைக் கறுப்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தால் போதும். படம் எடுத்துக் காட்டி வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறையோ நேர் மேலோ கீழோ வேண்டாம், சுவர் வழியே பூச்சி அங்கும் வந்துவிடும்.